புளியந்தீவில் ஒரு நாள்: சபைக் குழுவுக்கான வழிகாட்டி

மட்டக்களப்பு நகரின் நடுவே வாவி சூழ்ந்த தீவுதான் புளியந்தீவு. கல்முனையிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர்தான். ஆனாலும் காலை 6.30க்கே பஸ்ஸை எடுங்கள். பத்து மணிக்குப் பிறகு வாவியோரத்தில் நிழல் தேடி அலைவதிலேயே அரைநாள் போய்விடும். கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தைத் தவிருங்கள்.

முதலில் காந்தி பூங்கா அருகிலுள்ள மட்டக்களப்பு வாயில், அந்நாளைய படகுத்துறை. மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தார். 1815 ஏப்ரலில் இறந்துவிட்டார். ஒரு வருடம்கூட நிறையாத அந்தப் பணியின் அடையாளமாக, 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றும் நிற்கிறது. இந்தக் கதையை வாயிலடியிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் பிள்ளைகள் கேட்கமாட்டார்கள்.

அடுத்தது கல்லூரி. பாடசாலை நாளென்றால் அதிபருக்கு இரண்டு வாரம் முன்பே கடிதம் கொடுங்கள். பெரும்பாலான குழுக்கள் வாசலிலேயே திரும்புவது இதனால்தான். 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரிக்கும் அப்படியே.

புனித மரியாள் பேராலயத்துக்கு ஞாயிறு காலையில் போகவேண்டாம், திருப்பலி நடக்கும். தோள் மூடிய உடை அவசியம்.

கோட்டையைக் கடைசிக்கு வையுங்கள். போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. மதில்மேல் கைப்பிடி கிடையாது என்று எண்ணியே நடவுங்கள், சிறுவர் ஐவருக்கு ஒரு பெரியவர் வேண்டும்.

ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர். சோற்றுப் பார்சலில் மீன்குழம்பு வேண்டாம், வெயிலில் பஸ்ஸுக்குள் கெட்டுவிடும். பருப்பு, கத்தரிக்காய், சம்பல் போதும். தெருக்கள் ஒடுக்கம், பஸ்ஸை ஓரிடத்தில் விட்டு நடப்பதே சுகம்.