நண்பர்களோடு ஃபேன்டசி டிராஃப்ட்: புதிதாகச் சேர்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் எங்கள் நண்பர் குழு ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஒரு நாள் ஒரே வீட்டில் கூடும். இங்கிலாந்து கால்பந்தின் பிரீமியர் லீகுக்கான எங்கள் ஃபேன்டசி டிராஃப்ட் அன்றைக்குத்தான்: நிஜ வீரர்களை முறை வைத்து எடுத்து ஆளுக்கொரு கற்பனை அணி கட்டுவோம், அவர்கள் நிஜ ஆட்டத்தில் ஆடுவதைப் பொறுத்து நமக்குப் புள்ளி. அல்சூர், ஆஸ்டின் டவுன் பக்கம் பிறந்து வளர்ந்த தமிழர்கள் பாதிப் பேர். மதுரை, கோவை, நெல்லையிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் மீதிப் பேர். வருடா வருடம் யாராவது ஊர் மாறிப் போவார்கள், புதிதாக ஒருவரோ இருவரோ சேருவார்கள். வருகிறவர்கள் எல்லாரும் நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை அப்படியே செய்கிறார்கள். ஒன்பது மாதம் நடக்கும் ஆட்டம் இது. முதல் நாளே கோட்டை விட்டுவிட்டு மே மாதம் வரை கடைசி இடத்தில் உட்கார்ந்திருப்பது பாவம் என்பதால் இதை எழுதுகிறேன்.

காயம்பட்டவரை எடுக்காதே, பிடித்த கிளப் என்பதற்காக ஆறு பேரை அங்கிருந்தே அள்ளாதே என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

டிராஃப்டை வழக்கமான எஃப்பிஎல் போல நினைப்பது

வழக்கமான எஃப்பிஎல்லில், அதாவது ஃபேன்டசி பிரீமியர் லீகில், 10 கோடி பவுண்ட் கற்பனைப் பணம் இருக்கும். யார் வேண்டுமானாலும் மான்செஸ்டர் சிட்டி ஸ்ட்ரைக்கர் ஹாலண்டை வாங்கலாம், கேப்டன் ஆக்கி இரட்டைப் புள்ளி எடுக்கலாம். டிராஃப்டில் பணமும் கிடையாது, கேப்டனும் கிடையாது. ஒரு வீரர் ஒருவருக்குத்தான். நீங்கள் எடுத்துவிட்டால் வேறு யாருக்கும் அவர் இல்லை. எடுக்கும் வரிசை பாம்பு போல வளைந்து திரும்பும். எட்டுப் பேர் லீகில் முதலில் எடுப்பவருக்கு 1, 16, 17, 32 என்று வரும். கடைசியில் எடுப்பவருக்கு 8, 9, 24, 25 என்று வரும். முதல் ஆளுக்கு ஹாலண்ட் கிடைப்பார், சரி. ஆனால் அடுத்து வாய் திறப்பதற்குள் மற்றவர்கள் 14 பேரை எடுத்துவிடுவார்கள். அந்த இடைவெளிதான் இந்த ஆட்டத்தின் உயிர். அதை மனதில் வைக்காத திட்டம் எதுவும் ரெண்டாவது ரவுண்டைத் தாண்டாது.

போன வருடப் புள்ளிப் பட்டியலை மேலிருந்து கீழாக எடுத்துக்கொண்டே போவது

இத்தனை வருடமாகியும் எனக்கு எரிச்சல் தீராத தவறு இது. புத்திசாலிகள்தான் இதை அதிகம் செய்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி எங்களோடு சேர்ந்தார். முந்தைய பருவத்தில் யார் யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று எக்செல் போட்டு, அச்சடித்து, வண்ணம் அடித்துக் கொண்டுவந்திருந்தார். அவருக்கு மூன்றாவது இடம். முதல் ரவுண்டில் மிட்ஃபீல்டர், ரெண்டாவதில் மிட்ஃபீல்டர், மூன்றாவதில் கோல்கீப்பர், நான்காவதில் இன்னொரு மிட்ஃபீல்டர், ஐந்தாவதில் டிஃபெண்டர். ஒவ்வொரு முறையும் பட்டியலில் மிச்சமிருந்தவர்களில் மேலே இருந்த பெயர்தான். ஆறாவது ரவுண்டில், அதாவது 46-ஆவது ஆளாக, ஒரு ஃபார்வர்டு, அதாவது கோல் போடும் முன்கள ஆள், எடுக்கலாம் என்று பார்த்தார். வாராவாரம் முதல் பதினொருவரில் ஆடும் ஸ்ட்ரைக்கர்களில் அநேகமாக யாரும் மிஞ்சவில்லை. கடைசியில் அவருக்கு வாய்த்த மூன்று ஃபார்வர்டுகளும் 75-ஆவது நிமிடத்துக்கு மேல் களமிறங்கும் ஆட்கள். 60 நிமிடத்துக்குக் குறைவாக ஆடினால் 1 புள்ளி. மே மாதம் வரை அந்த 1 புள்ளியைத்தான் சேர்த்துக்கொண்டிருந்தார்.

இது துரதிர்ஷ்டம் இல்லை, எளிய கணக்கு. ஒவ்வொரு அணியிலும் 2 கோல்கீப்பர், 5 டிஃபெண்டர், 5 மிட்ஃபீல்டர், 3 ஃபார்வர்டு. எட்டுப் பேர் லீகில் மொத்தம் 16 கோல்கீப்பர், 40 டிஃபெண்டர், 40 மிட்ஃபீல்டர், 24 ஃபார்வர்டு போவார்கள். பிரீமியர் லீகில் இருப்பது 20 கிளப். பெரும்பாலான கிளப்புகள் இப்போது ஒற்றை ஸ்ட்ரைக்கரோடுதான் ஆடுகின்றன. ஆக, தவறாமல் ஆடும் ஃபார்வர்டுகள் இருபது சொச்சம் பேர்தான், தேவையோ 24. மறுபக்கம், ஆடும் டிஃபெண்டர்கள் எண்பது பேருக்குக் குறையாமல் இருப்பார்கள், தேவை 40. ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடைக்குப் போகிறவர் ஈரல் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார், மல்லித்தழையைப் போகிற வழியில் வாங்கிக்கொள்வார். டிராஃப்டிலும் தீர்ந்துபோவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உங்கள் முறை வரும்போது இருக்கிறவர்களில் யார் அதிகப் புள்ளி எடுப்பார் என்று கேட்காதீர்கள். இவரை இப்போது விட்டால், அடுத்த முறை இதே இடத்துக்கு யார் மிஞ்சுவார் என்று கேளுங்கள். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். உங்கள் கைக்கு எட்டும் மிட்ஃபீல்டர் 170 புள்ளி எடுப்பார் என்று வையுங்கள். அடுத்த முறை வரும்போது 160 எடுக்கும் மிட்ஃபீல்டர் இருப்பார். ஃபார்வர்டு 160 எடுப்பார், ஆனால் அடுத்த முறை மிஞ்சுவது 110 எடுப்பவர்தான். மிட்ஃபீல்டரை விட்டால் நட்டம் 10, ஃபார்வர்டை விட்டால் 50. பட்டியல் 170 என்று காட்டும், நீங்கள் எடுக்க வேண்டியது 160-ஐ. இதை ஒவ்வொரு ரவுண்டிலும் மனசுக்குள் போட்டுப் பார்த்தாலே போதும், எக்செல் தேவையில்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: ஆடும் பதினொருவரில் ஒரே ஒரு ஃபார்வர்டு இருந்தால் போதுமே? உண்மைதான், 3 டிஃபெண்டரும் 1 ஃபார்வர்டும்தான் கட்டாயம். அதனால்தான் மூன்று பேரையும் முந்தி எடுக்கச் சொல்லமாட்டேன். நல்ல ஃபார்வர்டு இரண்டு பேரை முதல் ஐந்து ரவுண்டுக்குள் பிடித்துவிடுங்கள், மூன்றாமவர் போகிற போக்கில் வரட்டும். ஒருவரை மட்டும் நம்பினால் அவர் காலில் சுளுக்கு விழும் அன்று உங்கள் வாரமே போய்விடும். லீகில் நாலு பேர்தான் என்றால் தேவை 12 ஃபார்வர்டுதான், பஞ்சமே இருக்காது. பத்துப் பேர் என்றால் 30. அங்கே கருணையே இல்லை.

பட்டியலில் இன்னொரு கோளாறும் உண்டு. அது நடந்து முடிந்ததைச் சொல்கிறது. 2024-25 பருவத்தில் லிவர்பூலின் சாலா 29 கோல், 18 அசிஸ்ட் (கோலுக்கு வழிசெய்யும் பாஸ்), 344 புள்ளி. எஃப்பிஎல் வரலாற்றிலேயே அதிகம். இரண்டாம் இடத்தவரைவிட நூறு புள்ளிக்கு மேல் முன்னால் இருந்தார். 2025 ஆகஸ்டில் பட்டியலை நம்பியவர்களுக்கு முதல் ஆள் அவர்தான், வேறு யோசனையே இல்லை. அந்த டிசம்பரில் லீட்ஸோடு நடந்த ஆட்டத்தில் லிவர்பூல் அவரைக் கடைசி வரை பெஞ்சிலேயே உட்கார வைத்தது. 33 வயது, அணியில் புது ஆட்கள், டிசம்பரில் ஆப்பிரிக்கக் கோப்பை: இதெல்லாம் ஆகஸ்டிலேயே தெரிந்த விஷயங்கள். பட்டியலில் மட்டும் இல்லை.

கோல்கீப்பர்

கடைசி இரண்டு ரவுண்டில். கோலே வாங்காத ஆட்டம்தான் கிளீன் ஷீட்; அது அதிகம் உள்ள கோல்கீப்பருக்குத் தங்கக் கையுறை விருது. 2024-25-இல் அதை ஆர்சனலின் ராயாவும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் செல்ஸும் தலா 13 கிளீன் ஷீட்டோடு பகிர்ந்துகொண்டார்கள். முந்தைய வருடம் ஃபாரஸ்ட் முடித்தது 17-ஆம் இடத்தில். யாருக்கு ஓடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத இடம் இது. அதே ஃபாரஸ்டில் ஸ்ட்ரைக்கர் கிறிஸ் வுட் அந்த வருடம் 20 கோல் போட்டார். மூன்றாவது ரவுண்டில் கோல்கீப்பர் எடுத்தவர், வுட் போன்ற ஒருவரை அடுத்தவருக்குத் தாரை வார்த்துக் கொடுத்துவிட்டார் என்றே அர்த்தம்.

மைதானத்துக் கண்ணோடு எடுப்பது

இது நன்றாகப் பந்து ஆடுகிறவர்கள் செய்யும் தவறு. அல்சூர் கௌதமபுரத்தைக் குட்டி பிரேசில் என்பார்கள், பெலேவுக்குச் சிலை வைத்த இடம். அங்கிருந்து எங்களோடு ஆடும் அண்ணன் ஒருவருக்கு ஆட்டம் பற்றித் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கு எனக்குத் தெரியாது. முதல் வருடம் அவர் எடுத்ததெல்லாம் நடுக்களத்தைக் கட்டிக் காக்கும் ஆட்கள். அவர்கள் இல்லாமல் எந்த அணியும் ஜெயிக்காது என்றார், சரிதான். ஆனால் இங்கே அவர்களுக்குப் புள்ளி விழுவது பெரும்பாலும் கோலுக்கும் அசிஸ்டுக்கும். 2016-17-இல் செல்சியின் நடுக்கள ஆள் காண்டேதான் வீரர்கள் சங்கமான பிஎஃப்ஏவின் விருது வாங்கிய சிறந்த வீரர், செல்சிதான் சாம்பியன். லீகில் அவர் போட்டது ஒரே ஒரு கோல்.

2025-26-இல் எஃப்பிஎல் தடுப்பாட்டத்துக்கும் புள்ளி கொடுக்க ஆரம்பித்தது. டிஃபெண்டர் ஒரே ஆட்டத்தில் 10 முறை தடுத்து, பறித்து, விலக்கினால் 2 புள்ளி; மிட்ஃபீல்டருக்கும் ஃபார்வர்டுக்கும், பந்தை மீட்டெடுப்பதையும் சேர்த்து, 12 வேண்டும். நீங்கள் ஆடும் லீகிலும் இந்த விதி இருந்தால், கீழ் வரிசை கிளப்புகளின் சென்டர் பேக் (நடுவில் நிற்கும் டிஃபெண்டர்) கடைசி ரவுண்டுகளில் நல்ல சரக்கு. ஓயாமல் தாக்குதல் வாங்கும் அணியில்தான் அந்தப் பத்து சுலபமாகச் சேரும். அதற்காக அவர்களை நான்காவது ரவுண்டில் எடுக்க வேண்டாம்.

இடத்தின் பெயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். களத்தில் எங்கே ஆடுகிறார் என்பதைவிட, கேம் அவரை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதே முக்கியம். கோல் போட்டால் ஃபார்வர்டுக்கு 4, மிட்ஃபீல்டருக்கு 5, டிஃபெண்டருக்கு 6. ஹாவெர்ட்ஸை 2024-25-இல் மிட்ஃபீல்டரிலிருந்து ஃபார்வர்டாக மாற்றினார்கள். ஆர்சனலில் அவர் ஆடிய ஆட்டம் மாறவில்லை, டிராஃப்டில் அவருடைய மதிப்பு மாறியது.

டிராஃப்டைச் சீக்கிரமே முடித்துவிடுவது

எல்லாருக்கும் லீவு கிடைக்கும் நாள் என்று ஆகஸ்ட் முதல் வாரத்தில் வைத்துவிடுகிறார்கள். 2023 பருவம் ஆகஸ்ட் 11 அன்று தொடங்கியது. மறுநாளே டாட்டன்ஹாம் ஸ்ட்ரைக்கர் ஹாரி கேன் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக்குக்குப் போய்விட்டார். அதற்கு முன்பே டிராஃப்ட் முடித்தவர்களில் கேனை முதல் ரவுண்டில் எடுத்தவர்கள் ஒரு புள்ளிகூடப் பார்க்கவில்லை. முதல் ஆட்டத்திலேயே மான்செஸ்டர் சிட்டியின் டி பிரைனாவின் தொடைத் தசை போய், ஜனவரியில்தான் திரும்பினார். காயத்தை யாரும் தடுக்க முடியாது. ஆனால் கேன் கிளப் மாறப்போகும் செய்தி வாரக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள், முடிந்தால் அன்றைக்கே வையுங்கள். அப்போதும் வீரர்கள் கிளப் மாறும் காலம் ஆகஸ்ட் கடைசி வரை, சில வருடம் செப்டம்பர் 1 வரை, திறந்திருக்கும். கிளப்போடு மல்லுக்கு நிற்பவரை முதல் மூன்று ரவுண்டில் தொடாதீர்கள். 2025-இல் ஸ்ட்ரைக்கர் இசாக் தன் கிளப் நியூகாசிலுக்கு ஆடாமலே இருந்து, செப்டம்பர் 1 அன்றுதான் லிவர்பூலுக்கு மாறினார்.

ஜனவரியை மறப்பது

ஆப்பிரிக்கக் கோப்பையும் ஆசியக் கோப்பையும் 2024 ஜனவரியில் ஒன்றாக வந்தன. எகிப்துக்காக சாலாவும் தென்கொரியாவுக்காக டாட்டன்ஹாமின் சோனும் கிளப்பை விட்டு ஒரே நேரத்தில் போனார்கள். இருவரையும் வைத்திருந்தவரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். காலண்டரை டிராஃப்டுக்கு முன்னால் பார்க்க வேண்டும்.

வாட்ச்லிஸ்ட் இல்லாமல் வருவது

மின்சாரம் போகும், நெட் போகும், மழையில் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். நேரம் முடிந்தால் கேம் தானாகவே ஒருவரை எடுத்துவிடும். முந்தைய இரவே வாட்ச்லிஸ்டில் உங்களுக்கு வேண்டியவர்களை வரிசையாகப் போட்டு வைத்தால் அதிலிருந்து எடுக்கும்.

பணம் வைப்பது

வேண்டாம். தோற்றவர் எல்லாருக்கும் பிரியாணி வாங்கித் தரட்டும்.

டிராஃப்டோடு வேலை முடிந்தது என்று நினைப்பது

எடுக்கப்படாமல் மிஞ்சியவர்களைக் கேட்டு வாங்கும் வேவர்தான் அடுத்த வேலை. அதன் கெடு, அந்த வாரத்துக்கான அணிக் கெடுவுக்கு 24 மணி நேரம் முன்னால். புதியவர்கள் தவறவிடுவது இங்கேதான். சனிக்கிழமை இங்கிலாந்து நேரம் 12:30-க்கு முதல் ஆட்டம் என்றால், அணிக் கெடு ஒன்றரை மணி நேரம் முன்னால். அங்கே கோடை நேரம் இருக்கும்வரை நமக்கு அது பிற்பகல் 3:30. ஆக, வேவர் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3:30-க்கே மூடும், நீங்கள் ஆபீஸில் மீட்டிங்கில் இருப்பீர்கள். வெள்ளி இரவு ஆட்டம் இருந்தால் வியாழன் இரவு 11 மணிக்கே முடிந்துவிடும். அக்டோபர் கடைசியில் அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள், எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். போனில் அலாரம் வையுங்கள்.

முதல் வார வேவரில் டிராஃப்ட் வரிசை தலைகீழாகும். கடைசியாக எடுத்தவருக்கு முதல் வாய்ப்பு. யாரும் எடுக்காத ஸ்ட்ரைக்கர் ஒருவர் முதல் வாரமே முதல் பதினொருவரில் இறங்கினால், அவருக்காக இப்போதே கேட்டு வையுங்கள். அக்டோபரில் அவர் கிடைக்கமாட்டார்.