சீன அரசவையின் பறவை-பூ ஓவியத்தைப் படிப்பது எப்படி?

பியோனிப் பூ என்றால் செல்வம், கொக்கு என்றால் நீண்ட ஆயுள், ஜோடி மாண்டரின் வாத்து என்றால் நல்ல இல்லறம். புதிதாக வருகிறவர்கள் இந்தப் பட்டியலைத்தான் முதலில் மனப்பாடம் செய்கிறார்கள். அது போதாது. பூவும் பறவையும் ஒன்றாக என்ன சொல்கின்றன என்று பார்க்க வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் சீனாவை ஆண்ட சொங் வம்சப் பேரரசர் ஹுயிசோங் காலத்து ஓவியம் ஒன்றில் பழகலாம். கோழிக்கு உறவான தங்க ஃபெசன்ட் பறவை ஒன்று ஃபூரோங் பூக்கிளையில் உட்கார்ந்திருக்கும். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. படத்தை இணையத்தில் தேடித் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பூவை வைத்துப் பருவத்தைக் கண்டுபிடியுங்கள். ஃபூரோங் நம் செம்பருத்திக்கு உறவு, இலையுதிர்காலத்தில் பூப்பது. கீழே இடது மூலையில் சாமந்தியும் இருக்கிறது. மற்ற பூக்கள் உதிர்கிற நேரத்தில் பனிக்கு அஞ்சாமல் நிற்பவை இவை இரண்டும், ஆகவே இவற்றின் பொருள் மன உறுதி.

படி 2: பறவை எங்கே பார்க்கிறது? இந்த ஃபெசன்ட் கனத்தால் கிளையை வளைத்துக்கொண்டு, தலையைத் திருப்பி வலப்பக்கம் மேலே பறக்கும் இரண்டு வண்ணத்துப்பூச்சிகளைப் பார்க்கிறது. அந்தப் பார்வையோடு நம் கண்ணும் மேலே போகிறது, அங்கேதான் எழுத்து இருக்கிறது!

படி 3: எழுத்தைப் படியுங்கள். நாலு வரிக் கவிதை, ஹுயிசோங்கின் மெலிந்த, கூர்மையான கையெழுத்தில். பறவையிடம் ஐந்து நற்குணங்களும் நிறைந்திருக்கின்றன என்கிறது. சீன மரபில் இவை சேவலின் குணங்கள்: கொண்டை கல்வி, கால் முள் வீரம், எதிரி முன் துணிவு, இரை கண்டால் மற்றதையும் அழைக்கும் அன்பு, நேரம் தவறாமல் கூவும் நம்பகம். அதாவது ஒரு நல்ல அதிகாரிக்கு வேண்டிய குணங்கள். பனிக்கு அஞ்சாத பூவோடு சேர்த்துப் பாருங்கள், அரசர் தன் அவையிடம் எதிர்பார்ப்பது என்ன என்று புரியும்.

படி 4: யாருடைய குரல் என்று கேளுங்கள். ஓவியத்தை ஹுயிசோங்கே வரைந்தாரா, அரண்மனை ஓவியர் வரைந்தாரா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனால் "வானத்தின் கீழ் ஒரே மனிதன்" என்ற அவருடைய குறி அதில் இருக்கிறது, பேசுவது அரசர் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

சரி, அப்புறம் தைபே அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள, சொங் காலத்து ஓவியர் சுய் பாய் 1061இல் வரைந்த முயலும் இரண்டு பறவைகளும் உள்ள ஓவியத்தை எடுத்து இதே வரிசையில் பாருங்கள். அதில் கவிதை இல்லை. ஓவியரின் கையெழுத்து மட்டும் மரத்தண்டில் ஒளிந்திருக்கிறது, பெரிதாக்கித் தேடுங்கள்.