திருகோணமலையில் குடும்பக் கார்: நான்கு சிலிண்டரா, ஆறு சிலிண்டரா?

திருகோணமலையில் குடும்பத்துக்கென ஒரு செடான் கார் தேடத் தொடங்குபவர் முன் பெரும்பாலும் இரண்டு வகை வாகனங்களே வந்து நிற்கும். ஒன்று, 1.5 லீற்றர் நான்கு சிலிண்டர் எஞ்சின் கொண்ட டொயோட்டா அக்சியோ, அலியன், பிரிமியோ போன்றவை. மற்றையது, அவற்றைவிட வயதில் மூத்தவையாக இருந்தாலும் அகலமான இருக்கைகளையும் அமைதியான ஓட்டத்தையும் காட்டி மனதை இழுக்கும் நிசான் செபீரோ, டொயோட்டா மார்க் எக்ஸ், கிரவுன் முதலிய ஆறு சிலிண்டர் கார்கள். அக்சியோவுக்குச் சொல்லும் விலைக்கோ அதற்குக் குறைவாகவோ ஒரு வி6 (ஆறு சிலிண்டர்களும் V வடிவில் இரு வரிசையாக அமைந்த எஞ்சின்) கிடைக்கிறது என்றால் யாருக்கும் சபலம் வரத்தான் செய்யும். ஆனால் சிலிண்டர்களை எண்ணுவதற்கு முன், அந்தக் கார் எந்த வீதியில் எவ்வளவு பாரத்துடன் ஓடப் போகிறது என்பதையும், பழுதானால் பொனட்டைத் திறக்கப் போகிறவர் யார் என்பதையும் தீர்த்துக்கொள்வது நல்லது.

முதலில் எஞ்சினுக்குள் நடப்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு இரண்டு முழுச் சுற்று, அதாவது 720 பாகை, சுழல்வதற்குள் ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை எரிந்து உந்துகிறது. ஆகவே நான்கு சிலிண்டரில் 180 பாகைக்கு ஓர் உந்துதலும், ஆறு சிலிண்டரில் 120 பாகைக்கு ஓர் உந்துதலும் கிடைக்கின்றன. ஆறு சிலிண்டர் கார் நின்ற நிலையிலும் மெத்தென்று இயங்குவதற்கு இதுவே முதற்காரணம். நான்கு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் இருக்கும்போது பிஸ்டன்களின் ஓட்டத்தால் ஓர் இரண்டாம்நிலை அதிர்வு மிஞ்சுகிறது. சில எஞ்சின்களில் அதை அடக்குவதற்கென்றே சமநிலைத் தண்டுகள் பொருத்தப்படுகின்றன. ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர் உள்ள எஞ்சினில் இந்த அதிர்வுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். வி6 அந்த அளவுக்குச் சமநிலை உடையது அல்ல என்றாலும், நீளம் குறைந்தது என்பதால் முன்சக்கரங்களால் இயங்கும் கார்களின் பொனட்டுக்குள் குறுக்காக அடங்கிவிடுகிறது. இன்று விற்பனைக்கு வரும் பழைய ஆறு சிலிண்டர் செடான்களில் பல வி6 ஆக இருப்பது இதனால்தான்.

மென்மை வேறு, இழுவை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான் பலர் தவறான காரை வாங்குகிறார்கள். பழைய செபீரோவின் 2.0 லீற்றர் வி6 ஏறக்குறைய 190 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைச் சுழற்றி இழுக்கும் விசை, தரும். அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுகளைத் தாண்டிய பிறகே முழுமையாகக் கிடைக்கும். பத்தாம் தலைமுறை ஹொண்டா சிவிக்கின் 1.5 லீற்றர் நான்கு சிலிண்டர் டர்போவோ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் வகை) 1,700 சுற்றிலேயே 220 நியூட்டன் மீற்றரை எட்டிவிடுகிறது. அதே தலைமுறை சிவிக் 1.0 லீற்றர் மூன்று சிலிண்டர் டர்போவுடனும் நம் நாட்டுக்கு வந்திருக்கிறது. உற்பத்தியாளர்களும் இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அமெரிக்கச் சந்தையில் ஹொண்டா அக்கோர்ட் 2018 மாடலோடு வி6 எஞ்சினைக் கைவிட்டது. அங்கே 2025 மாடல் கேம்ரி 2.5 லீற்றர் நான்கு சிலிண்டர் ஹைபிரிட்டாக மட்டுமே விற்கப்படுகிறது. காரின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் இலக்கத்தையும் நம்ப வேண்டாம். 2003இல் வந்த தலைமுறையின் பி.எம்.டபிள்யூ 520ஐ தொடக்கத்தில் ஆறு சிலிண்டர் கொண்டிருந்தது. அதற்கு அடுத்த தலைமுறையின் 520ஐ நான்கு சிலிண்டர் டர்போ. பெயர் ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு.

இனி வீதிக்கு வருவோம். நகரத்துக்குள் உங்கள் காரின் அன்றாட வேலை என்ன? காலையில் ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரிக்கோ கோணேஸ்வரா இந்துக் கல்லூரிக்கோ பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவது, மத்திய வீதியில் கடைக்குப் போவது, மாலையில் உப்புவெளி வரை ஒரு சுற்று. இவை அனைத்தும் எஞ்சின் சரியாகச் சூடாவதற்குள் முடிந்துவிடும் குறுகிய ஓட்டங்கள். இடையில் வீதியின் குறுக்கே வந்து நிற்கும் மான்களுக்காகவும் காத்திருக்க வேண்டும். பெரிய எஞ்சின் பெற்றோலை வீணாக்குவதற்கு இதைவிடத் தோதான சூழல் கிடையாது. வெளியூர்ப் பயணத்திலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாகக் கொழும்புக்குப் போகும் ஏ6 வீதியும், ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியா, யாழ்ப்பாணம் நோக்கிப் போகும் பாதையும், கிண்ணியா, மூதூர் வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 வீதியும் பெரும்பகுதி சமதரையே. அதிவேக வீதிகள் தவிர்ந்த இடங்களில் கார்களுக்கான வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர், குடியிருப்புப் பகுதிகளில் 50. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் அந்தி நேரத்தில் யானைகளுக்குப் பயந்து அந்த வேகத்தையும் குறைத்துத்தான் போகிறோம். நல்ல நிலையிலுள்ள 1.5 லீற்றர் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு இது எதுவுமே சிரமம் அல்ல.

ஆறு சிலிண்டருக்கு உண்மையிலேயே வேலை இருக்கும் இடங்களும் உண்டு. ஐந்து பேரும் பயணப்பெட்டிகளும் ஏறிய காரில், ஆடி மாதக் கச்சான் காற்று அனலாய் வீசும் நண்பகலில் ஏசியை முழுவீச்சில் போட்டுக்கொண்டு, போக ஒரு தடமும் வர ஒரு தடமும் மட்டுமே உள்ள வீதியில் நெல் ஏற்றிய லொறியை முந்த வேண்டியிருக்கும்போது கையிருப்பில் இருக்கும் பலம் பாதுகாப்புக்கு உதவும். அதைவிடக் கடினமான பரீட்சை மலைநாட்டில் இருக்கிறது. சீதாஎலிய சீதையம்மன் கோவிலுக்குப் போகும் குடும்பங்கள் கண்டியைத் தாண்டி, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஏற வேண்டும். அந்த ஏற்றத்தில் 1.5 லீற்றர் எஞ்சின் இரைந்தபடி ஏறும், 2.5 லீற்றர் வி6 சத்தமின்றி ஏறும். இரண்டும் ஏறிவிடும் என்பதே முக்கியம். ஆண்டுக்கு ஒருமுறை போகும் பயணத்துக்காக ஆண்டு முழுவதும் பெற்றோல் செலவைச் சுமப்பதா என்பதை வீட்டில் எல்லோரும் கூடித் தீர்மானிக்கட்டும். சிறிய எஞ்சினின் இரைச்சல் பிடிக்கவில்லை, ஆனால் வி6 செலவும் வேண்டாம் என்பவர்கள் 1.8 அல்லது 2.0 லீற்றர் நான்கு சிலிண்டர் கொண்ட அலியன், பிரிமியோ வகைகளைப் பார்க்கலாம். என் கணிப்பில் இந்த ஊருக்கு அதுவே மேலெல்லை.

பெற்றோல் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடும் குடும்பம் என்று கொள்வோம். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் காருக்கு மாதம் ஏறக்குறைய 83 லீற்றரும், 8 கிலோமீற்றர் ஓடும் காருக்கு 125 லீற்றரும் வேண்டும். ஆண்டு முடிவில் வேறுபாடு 500 லீற்றர். ஒரு லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் 150,000 ரூபா. விற்பவர் சொல்லும் "லீற்றருக்குப் பதினான்கு" என்ற கணக்கை ஏற்காமல், இயன்றால் தாங்கியை முழுமையாக நிரப்பி, ஓடி, மீண்டும் நிரப்பிக் கணக்கிடுங்கள்; நகர ஓட்டத்தையும் நெடுந்தூர ஓட்டத்தையும் தனித்தனியே பாருங்கள். விலையைவிட மோசமான நாளையும் நாம் கண்டிருக்கிறோம். 2022 யூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான். அதைக் கொண்டு அக்சியோ வைத்திருந்தவர் 240 கிலோமீற்றர் ஓடினால், வி6 வைத்திருந்தவர் 160 கிலோமீற்றரோடு நிறுத்த வேண்டியிருந்தது. புதிதாக இறக்குமதி செய்ய நினைப்பவருக்கு இன்னொரு தடையும் உண்டு: 2020இல் நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்ட தனியார் கார் இறக்குமதியில், உற்பத்தி வரி எஞ்சினின் சிசி அளவோடு ஏறிக்கொண்டே போகிறது.

பராமரிப்பில், சிலிண்டருக்கு ஒன்றாகத் தீப்பொறி தரும் ஆறு பிளக், அவற்றுக்கு மின்சாரம் தரும் ஆறு கொயில் என்பது கணக்கின் தொடக்கம் மட்டுமே. குறுக்காக வைக்கப்பட்ட வி6 எஞ்சினில் பின்வரிசைச் சிலிண்டர்கள் மூன்றும் கண்ணாடிப் பக்கமாக ஒளிந்திருக்கும். பல மாடல்களில் காற்று உள்வரும் மேனிஃபோல்டைக் கழற்றாமல் அந்தப் பிளக்குகளைத் தொடவே முடியாது. நான்கு சிலிண்டரில் அரைமணி நேரத்தில் முடியும் வேலை இங்கே அரைநாளைத் தின்றுவிடும். கூலியும் அதற்கேற்ப வரும். முன்வரிசையில் மட்டும் பிளக் மாற்றிவிட்டுப் பின்வரிசையை விட்டுவைத்த கார்கள் சந்தைக்கு வருவதன் இரகசியம் இதுவே. ஒயில் மாற்றும்போது அக்சியோவின் 1.5 லீற்றர் எஞ்சினுக்கு நான்கு லீற்றர் கலன் ஒன்று போதும், கேம்ரியின் 3.5 லீற்றர் வி6 ஆறு லீற்றருக்கும் சற்று மேல் கேட்கும். கிராங்க் தண்டோடு வால்வுகளின் இயக்கத்தை இணைப்பது ரைமிங் பெல்ட்டா, செயினா என்பதையும் கேட்டறியுங்கள். பெல்ட் என்றால் அது கடைசியாக மாற்றப்பட்ட பற்றுச்சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். கடற்கரையோரம் நிறுத்தப்படும் கார்களின் ரேடியேற்றரின் தகடுகளை உப்புக்காற்று அரித்துவிடுகிறது. அதிக வெப்பம் தரும் பெரிய எஞ்சின் அந்தக் குறையை முதலில் வெளிக்காட்டும்.

பார்க்கப் போகும் நாளில் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனவுடன் பொனட்டின் மீது கை வைத்துப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் மட்டுமே தொடருங்கள். எஞ்சினை இயக்கி, ஓட்டம் சீரானதும் ஏசியைப் போட்டு, பிரேக்கை அழுத்தியபடி கியரை டி நிலைக்குக் கொண்டுவாருங்கள். இப்போது ஸ்டியரிங்கை விரல்களால் இலேசாகப் பிடித்திருங்கள். சீரான நடுக்கம் விரலில் தெரிந்து, நியூட்ரலுக்கு மாற்றியதும் அது அடங்கினால் எஞ்சினைத் தாங்கி அதிர்வை உறிஞ்சும் இறப்பர் பிடியான எஞ்சின் மவுண்ட் தேய்ந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். நான்கு சிலிண்டர் கார்களில் இது பொதுவானது, பெருஞ்செலவும் அல்ல. நியூட்ரலிலும் இடைக்கிடை துள்ளல் தொடர்ந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஆறு சிலிண்டரில் ஒன்று சுணங்கினால் மற்ற ஐந்தும் அதை மறைத்துவிடும் என்பதால், காதை நம்பாமல் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைத்துச் செல்வது அவசியம். பி0304 என்று குறியீடு வந்தால் நான்காம் சிலிண்டர் என்று பொருள்; பி0300 என்றால் குறிப்பிட்ட ஒன்றல்ல, பல இடங்களில் தடுமாற்றம். பிறகு நான்கைந்து பேரை ஏற்றிக்கொண்டு உவர்மலை ஏற்றத்தில் ஏறி, மேலே நிறுத்தி, ஏசியை அணைக்காமல் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு வெப்பமானியைக் கவனியுங்கள். முள் நடுவைத் தாண்டி நகர்ந்தால் விலை பேசாமல் திரும்பிவிடலாம்.

ஆக, நகர ஓட்டமே பிரதானமாக உள்ள, மாதச் சம்பளத்தில் கார் வைத்திருக்கும் குடும்பத்துக்கு நான்கு சிலிண்டரையே நான் சொல்வேன். இயன்றால் பற்றரி நிலையைப் பரிசோதித்து வாங்கிய ஹைபிரிட்டையும். மாதத்தில் பலமுறை முழுக் குடும்பத்துடன் கொழும்பு அல்லது மலைநாடு போகிறவர், முதுகுவலியுள்ள பெரியவர்களை அமைதியாக அழைத்துச் செல்ல விரும்புகிறவர், அந்த எஞ்சினை முன்னரே கழற்றிப் பூட்டிய மெக்கானிக் ஒருவரைக் கைக்கெட்டும் தூரத்தில் கொண்டவர், இவர்கள் ஆறு சிலிண்டரை வாங்குவதில் தவறில்லை. ஆனால் முற்பணம் கொடுப்பதற்கு முன் பொனட்டுக்குள் இருக்கும் தகட்டிலிருந்து எஞ்சின் குறியீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு, கொழும்பு பஞ்சிகாவத்தையில் உங்களுக்குத் தெரிந்த உதிரிப்பாகக் கடைக்குத் தொலைபேசியில் அழைத்து, ஆறு கொயில், ஆறு பிளக், ரேடியேற்றர், எஞ்சின் மவுண்ட் ஆகியவற்றின் விலையைக் கேளுங்கள். அந்தத் தொகையோடு மெக்கானிக்கின் கூலியையும் கூட்டி, விற்பவர் சொல்லும் விலையிலிருந்து கழித்த பிறகு பேரத்தைத் தொடங்குங்கள்.