முளைக்காத விதையை உடனே ஒதுக்கிவிடாதீர்கள்

புதிதாக அறுத்த நெல்லை ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பார்த்து, பாதிகூட முளைக்கவில்லை என்றதும் விதை கெட்டுப்போச்சு என்று மொத்தத்தையும் அரவைக்கு அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இது. அந்த நெல் சாகவில்லை, விதை உறக்கத்தில் இருக்கிறது. கதிர் முற்றும் காலத்திலேயே அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் விதைக்குள் கூடி, முளைப்பைத் தடுத்து வைக்கிறது. உலர்ந்த நிலையில் சில வாரங்கள் இருந்தால் அந்தப் பிடி தளரும். அப்புறம் தண்ணீர் பட்டதும் ஜிப்ரலின் என்ற ஹார்மோனின் கை ஓங்கி, மாவுச்சத்தைக் கரைக்கும் நொதிகள் வேலையைத் தொடங்கும். அதனால் சில வாரம் கழித்து இன்னொரு முறை சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

உறக்கம் ஒரு குறை என்று நினைப்பதும் சரியல்ல. நிலக்கடலையில் கொத்து ரகங்கள் பெரும்பாலானவற்றுக்கு உறக்கம் கிடையாது. முற்றிய பிறகும் பிடுங்காமல் விட்டு, மழையும் பிடித்துக்கொண்டால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். படர்ந்து வளரும் கொடி ரகங்களுக்கு உறக்கம் இருப்பதால் கொஞ்சம் தாங்கும். ஐப்பசி மழையில் சாய்ந்த குறுவைக் கதிரிலேயே நெல் முளைவிட்டுக் கிடப்பதைப் பார்த்த டெல்டா விவசாயிக்கு உறக்கத்தின் அருமை தெரியும்.

அடுத்த தவறு, எல்லா விதைக்கும் சுடுதண்ணீர் வைத்தியம் பார்ப்பது. தீவன மரமான சூபாபுலின் விதைத்தோல் தண்ணீரை உள்ளே விடாது. ஏறக்குறைய 80 டிகிரி சூட்டில் சில நிமிடம் போட்டெடுத்தால் வழி திறக்கும். நெல்லையோ தக்காளி விதையையோ அப்படிப் போட்டால் வெந்துபோகும். எது எந்த வகை என்று சந்தேகமா? கொஞ்சம் விதையை இரவு முழுக்கச் சாதாரணத் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் ஊதாமல் கல்லாகவே கிடந்தால் தடை தோலில் இருக்கிறது. ஊதியும் நாள்கணக்கில் முளைக்கவில்லை என்றால், ஒன்று தடை உள்ளே இருக்கிறது, இல்லை விதை உயிரற்றது. பப்பாளியில் விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான உறையே முளைப்பைத் தடுக்கும். தேய்த்துக் கழுவிவிட்டால் போதும்.

வேம்பு, பலா விஷயத்தில் நேர்மாறான தவறு நடக்கிறது. உறக்கம் தெளியட்டும் என்று காயவைத்து மாதக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். பலாக்கொட்டை காய்ந்தாலே செத்துவிடும். வேப்பங்கொட்டையும் சாதாரணமாகச் சேமித்தால் சீக்கிரமே முளைப்புத்திறனை இழந்துவிடும். பழம் பொறுக்கியதும் சதையைக் கழுவி, நிழலில் மேல் ஈரத்தை மட்டும் போக்கி, தாமதிக்காமல் நாற்றங்காலில் போட்டுவிடுங்கள்.