அடுத்தவர் செதுக்கிய பொம்மையில் அச்செடுக்கும் முன்

முதலில் பொம்மையின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். செதுக்கியவரின் பெயரோ முத்திரையோ இருந்தால் அவருக்கு எழுதிக் கேளுங்கள்: எத்தனை பிரதி, விற்பனைக்கா, பெட்டியில் யார் பெயர். பதில் வராவிட்டால் சம்மதம் இல்லை என்றே அர்த்தம்.

இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி சிற்பமும் கலைப்படைப்புதான். கலைஞர் காலமான பின்னும் உரிமை 60 ஆண்டு நிற்கும். படத்தைப் பார்த்து உருவமாகச் செய்வதும் பிரதியே. ஜப்பானின் வொண்டர் ஃபெஸ்டிவல் என்னும் உருவபொம்மைக் கண்காட்சியில் பொழுதுபோக்குக் கலைஞர்களுக்கு அன்று ஒரு நாள் மட்டும் விற்க உரிமை தருகிறார்கள். கேட்டால் வழி உண்டு.

கைப்பழக்கத்துக்குப் பார்த்துச் செதுக்கலாம், அதை விற்காதீர்கள். வார்ப்பிலிருந்து, அதாவது அச்சில் ஊற்றி எடுத்த பொம்மையிலிருந்து, மறுபடி அச்செடுத்தால் அளவு சற்றே சிறுக்கும், இமையும் விரலிடுக்கும் மழுங்கும். வாங்கும்போதும் இதைப் பாருங்கள்: முத்திரை மங்கலா, வண்ணத்துக்கு அடியில் காற்றுக்குமிழ்க் குழிகளா? திருட்டு வார்ப்பாக இருக்கலாம்.

பாம்பன், மண்டபம் பக்கம் சொந்தமாகச் செதுக்க என்ன குறை? கரைவலை இழுப்பவரின் முறுகிய தோளை எந்தப் பெட்டிப் பொம்மையிலும் பார்க்க முடியாது. கந்தகம் கலந்த களிமண்ணைத் தவிருங்கள். அச்செடுக்க ஊற்றும் பிளாட்டினம் வகை சிலிக்கோன் ரப்பர் அதன்மேல் இறுகாமல் பிசுபிசுக்கும். அச்சுக்குள் ஊற்றி வார்க்கும் பாலியூரித்தேன் ரெசின் கடல்காற்றின் ஈரத்தை இழுத்து நுரைத்துவிடும். ஊற்றியதும் டப்பாவை இறுக மூடுங்கள். முதல் வார்ப்பின் அடியில் உங்கள் பெயரையும் ஆண்டையும் பொறியுங்கள்.