லண்டனில் பிசினஸ் படிக்க: விசாவுக்குப் பணம் காட்டுவது எப்படி?

முதலில் படிப்பைத் தேர்ந்தெடுங்கள். கல்லூரியை விட்டு வந்த கையோடு போகிறவர்களுக்கு ஓராண்டு எம்எஸ்சி மேனேஜ்மென்ட் சரியாக இருக்கும். எம்பிஏ என்றால் லண்டன் பிசினஸ் ஸ்கூல் போன்ற இடங்களில் வேலை அனுபவம் கேட்பார்கள். லண்டனில் படித்துப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு மூன்று வாரக் கோடைப் படிப்புகள் உண்டு. ஆறு மாதத்துக்குள் முடியும் படிப்பு என்றால் விசிட்டர் விசாவே போதும், ஆனால் அதில் வேலை பார்க்க முடியாது. கீழே சொல்வதெல்லாம் இந்தியாவிலிருந்து ஸ்டூடன்ட் விசாவுக்குப் போகிறவர்களுக்கு.

1. ஆஃபர் வந்ததும் டெபாசிட் கட்டுங்கள், காஸ் (CAS, விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதிச் சான்று) கேளுங்கள். காச நோய்ப் பரிசோதனையை அங்கீகாரம் பெற்ற மையத்தில் எடுங்கள். சான்றிதழ் ஆறு மாதம் செல்லும்.

2. தொகையைக் கணக்கிடுங்கள். 2025 நவம்பர் 11 முதல் லண்டனில் வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டியது மாதம் 1,529 பவுண்டு, அதிகபட்சம் ஒன்பது மாதத்துக்கு. ஆக 13,761 பவுண்டு. இதோடு கட்ட வேண்டிய மீதிக் கல்விக் கட்டணத்தைச் சேருங்கள். பல்கலைக்கழக விடுதிக்குக் கட்டிய பணத்தில் 1,529 பவுண்டு வரை கழிக்கலாம். தனியார் விடுதிக்குக் கட்டியதைக் கழிக்க முடியாது. ஏஜென்டுகள் தரும் கால்குலேட்டர்களை நான் நம்புவதில்லை. ஒரு எக்செல் ஷீட் போதும். பவுண்டை ரூபாய்க்கு மாற்ற, பிரிட்டிஷ் உள்துறை பார்க்கும் ஓஆண்டா தளத்தின் விலையையே எடுங்கள். விலை ஏறி இறங்குவதால், கணக்குக்கு மேலே கொஞ்சம் கூடுதலாக வைத்திருப்பது நல்லது.

3. என்னை அதிகம் அலைக்கழித்தது இந்தப் படிதான். பணம் இருந்தால் மட்டும் போதாது, தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். இடையில் ஒரு நாள் வரம்புக்குக் கீழே போனாலும் அந்த 28 நாள் வீண். இன்ஷூரன்ஸ் ஆட்டோ டெபிட், லாக்கர் கட்டணம் போன்ற சில்லறைப் பிடித்தங்கள்தான் ஆபத்து. அதனால் இதற்கென்று தனிக் கணக்கு வைத்து, கார்டைக்கூட வாங்காமல் விடுங்கள்.

நாட்களைக் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஸ்டேட்மென்ட் ஜூன் 28-ல் முடிகிறது என்றால், ஜூன் 1 முதல் ஒவ்வொரு நாளும் பணம் முழுதாக இருக்க வேண்டும். பணம் மே 31-லேயே போய்ச் சேர்ந்திருந்தால் பாதுகாப்பு. அடுத்தது, ஸ்டேட்மென்ட் முடிந்த நாளிலிருந்து 31 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆன்லைனில் விசாக் கட்டணம் கட்டும் நாள்தான் விண்ணப்ப நாள், கைரேகையும் புகைப்படமும் கொடுக்கும் பயோமெட்ரிக்ஸ் நாள் இல்லை. காஸ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். காஸ் வரும்போது 28 நாள் ஓடி முடிந்திருந்தால் மறுநாளே விண்ணப்பிக்கலாம்.

எஃப்டியும் செல்லும், வேண்டும்போது உடைக்க முடிந்தால். பங்குகள், பிஎஃப், கிரெடிட் கார்டு வரம்பு செல்லாது. அங்கீகாரம் பெற்ற வங்கியின் கல்விக்கடன் என்றால் 28 நாள் விதியே கிடையாது, கடன் கடிதம் போதும். வட்டி கட்டத் தயார் என்றால் எனக்கு இந்த வழிதான் பிடிக்கும்.

4. மருத்துவ சர்சார்ஜ் (பிரிட்டிஷ் அரசு மருத்துவச் சேவைக்கான கட்டணம்) கட்டுங்கள். ஆண்டுக்கு 776 பவுண்டு என்றாலும் ஓராண்டுப் படிப்புக்கு 1,164 வரும். படிப்பு முடிந்தபின் கிடைக்கும் நான்கு மாதத்தையும் சேர்த்து விசா தருவதால், கூடுதல் அரை ஆண்டுக் கட்டணம் ஏறிவிடும். இதை வேறு கணக்கிலிருந்து கட்டுவதே நிம்மதி.

பின்சேர்க்கை: சித்தப்பா, மாமா பெயரில் பணம் இருந்தால் ஆகுமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். ஆகாது. உங்கள் கணக்கு, பெற்றோர் அல்லது சட்டப்படியான காப்பாளர் கணக்கு, அல்லது உங்களோடு சேர்ந்து விண்ணப்பிக்கும், இல்லை ஏற்கெனவே விசா பெற்ற துணைவர் கணக்கு. அப்பா கணக்கு என்றால் பிறப்புச் சான்றிதழும் அவர் ஒப்புதல் கடிதமும் வேண்டும்.

நம் ஊர் இனிஷியல் சிக்கல் இங்கேதான் வரும். பிறப்புச் சான்றிதழில் 'முருகன்', வங்கியில் 'எஸ். முருகன்', பாஸ்போர்ட்டில் 'சுப்பையா முருகன்' என்று இருந்தால் பார்ப்பவருக்கு மூன்று பேர். மூன்றும் ஒருவரே என்று வங்கி மேலாளரிடம் லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்கி, ஒப்புதல் கடிதத்தோடு சேர்த்து ஒரே பிடிஎஃபாக ஏற்றுங்கள்.