நாய்க்கு அன்டிபயோட்டிக் ஒயின்மென்ட் பூசுறப்போ தவிர்க்க வேண்டிய பிழைகள்

மழையும் புழுக்கமும் சேர்ந்து வந்தா கொழும்பில நாய் வச்சிருக்கிறவங்க, தெருநாய்க்கு சாப்பாடு வைக்கிறவங்க அனுப்புற போட்டோ எல்லாம் ஒரே மாதிரித்தான், வயித்தில சிவப்புப் பரு, சீழ், ஓரம் உரியிற வட்டம், கூடவே "என்ன ஒயின்மென்ட் பூசலாம்?" எண்டு ஒரு கேள்வி. நாங்க ஆரம்பத்தில செஞ்ச அதே பிழைகளத்தான் புதுசா வாறவங்களும் செய்றாங்க. கை கழுவுறது, டேட் பாக்கிறது எல்லாருக்கும் தெரியும், அத விடுவம்.

டியூப்ல என்ன இருக்கெண்டு வாசிக்காம பூசுறது

இது எனக்கு இன்னும் கோபம் வாற விஷயம். நாய்ட தோல்ல வாற பக்டீரியா தொற்றுக்கு பெரும்பாலும் காரணம் ஸ்டெஃபிலோகொக்கஸ் சூடின்டர்மீடியஸ் எண்ட கிருமி. சின்ன இடமெண்டா வெட் (மிருக வைத்தியர்) 2% முபிரோசின், இல்லாட்டி பியூசிடிக் அசிட் எழுதுவாங்க. ஆனா பாமசியில போய் "தோலுக்கு ஒரு கிறீம்" எண்டு கேட்டா பல நேரம் கையில வாறது மிக்ஸ் கிறீம், அதுல அன்டிபயோட்டிக்கோட பங்கஸ் மருந்தும் ஸ்டீரோய்டும் இருக்கும். பெட்டியில பீட்டாமெதசோன், குளோபெட்டசோல் எண்டு இருந்தா அது ஸ்டீரோய்ட். பியூசிடிக் அசிட்டும் ஸ்டீரோய்ட் சேர்த்து வருது, அதால முழுப் பேரையும் வாசிங்க.

ஸ்டீரோய்ட் போட்டா சிவப்பும் கடியும் டக்கெண்டு குறையும், சனம் சுகமாயிட்டு எண்டு நம்பும், ஆனா தோல்ட எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்தே குறையுது. வெள்ளவத்தையில ஒரு அன்ரிட குட்டிக்கு கண்ணச் சுத்தி முடி கொட்டினப்போ மிக்ஸ் கிறீம் பூசினாங்க, சிவப்பு போயிட்டு எண்டு தொடர்ந்து பூசினாங்க, பிறகு முகம் முழுக்கப் பரவி பாதம் வரைக்கும் இறங்கி, பூசின இடத்தில தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆயிட்டு. வெட் தோலச் சுரண்டி மைக்ரோஸ்கோப்ல பாத்தா டெமோடெக்ஸ், ஒரு சிற்றுண்ணி. அதுக்கு எந்த அன்டிபயோட்டிக்கும் வேலை செய்யாது. சில நிமிஷத்தில முடியிற அந்த டெஸ்ட முதல்லயே எடுத்திருந்தா அந்தக் குட்டி அவ்வளவு வேதனைப்பட்டிருக்காது. படர்தாமரையும் இதே வட்டமாத்தான் வரும், அதுவும் ஸ்டீரோய்டுக்கு நல்லா வளரும். ஹொட் ஸ்பொட்டுக்கு (திடீரெண்டு வாற ஈரமான சிவப்புப் புண்) வெட்டே ஸ்டீரோய்ட் சேர்ந்தது குடுக்கிறது உண்டு, ஆனா அது பாத்துட்டுக் குடுக்கிறது.

முடிக்கு மேல பூசுறது

முடிய வெட்டுங்க, பொருக்க ஊறவச்சு எடுங்க, பிறகு மெல்லிசாப் பூசுங்க.

உடன நக்க விடுறது

20 நிமிஷமாவது நக்க ஏலாத மாதிரி கழுத்தில கூம்புக் கொலர் போடுங்க, இல்லாட்டி நடக்கக் கூட்டிப் போங்க. வீட்டில ஆருக்காவது சொரியாசிஸ் கிறீம் இருந்தா அத எட்டாத இடத்தில வைங்க, அதுல கல்சிபொட்ரயோல் இருந்தா நாய் நக்கினாலே உயிருக்கு ஆபத்து.

உடம்பு முழுக்க ஒயின்மென்ட்

வேண்டாம். கன இடத்தில இருந்தா குளோரெக்சிடின் எண்ட கிருமிநாசினி சேர்ந்த ஷாம்பு, நுரைய 10 நிமிஷம் விட்டுக் கழுவணும், கிழமைக்கு 2, 3 தரம்.

காஞ்ச உடன நிப்பாட்டுறது

வெட் சொன்ன நாள் வரைக்கும் பூசுங்க, வழமையா கண்ணுக்குச் சரி வந்த பிறகும் ஒரு கிழமை. அப்பிடியும் திரும்பத் திரும்ப வந்தா டியூப்ப மாத்திப் பாக்காதீங்க, கல்ச்சர் (புண்ணில இருந்து கிருமிய எடுத்து வளர்த்துப் பாக்கிற டெஸ்ட்) எடுக்கச் சொல்லுங்க, மெதிசிலின் எண்ட அன்டிபயோட்டிக்குக்கு அடங்காத கிருமியா இருக்கலாம். தெள்ளு, அலர்ஜி, தைரொய்ட் இதையும் பாக்கச் சொல்லுங்க, ஏனெண்டா நாய்க்கு தோல் தொற்று பெரும்பாலும் வேற ஒரு வருத்தத்துக்குப் பின்னாலதான் வருது.